மழைக்கு மறுநாள் கிணற்றுத் தண்ணீர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அங்கே ஐயாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தார்கள். சுற்றிலும் வயல், மாட்டுப் பண்ணை. அந்த வருடம் மே 8 முதல் 12 வரை நல்ல மழை, ஐந்து நாளில் 134 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் கடைசி நாள் ஒன்றிலேயே கொட்டியது. அடுத்த வாரமே பிள்ளைகள் ரத்தபேதியோடு ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். கடைசியில் ஏழு பேர் இறந்துபோனார்கள், ஏறக்குறைய 2,300 பேர் நோயில் விழுந்தார்கள், அதாவது கிட்டத்தட்ட பாதி ஊர். சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் அந்தப் பாதிப்பு வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. காரணம் குழாயில் வந்த தண்ணீர். அதில் ஈ.கோலை ஓ157 என்ற கொடிய வகைக் கிருமியும் காம்பிலோபேக்டர் என்ற இன்னொன்றும் இருந்தன.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: குளோரின் போட வேண்டியவர்கள் ஒழுங்காகப் போடவில்லை, போட்ட மாதிரி பதிவேட்டில் பொய் எழுதினார்கள், பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தும் சுகாதாரத் துறைக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். எல்லாம் உண்மை, நீதிபதி டெனிஸ் ஓ'கானர் நடத்திய விசாரணையில் நிரூபணமானது, மன்னிக்க முடியாதது. ஆனால் குளோரின் என்பது கடைசிக் காவல். அந்தக் காவல் தூங்கியது சரி, கிருமி அதுவரை எப்படி வந்து சேர்ந்தது? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அதைக் கேட்காமல் விட்டால் அடுத்த மழையில் அடுத்த ஊர்.

அந்த விசாரணை அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஐந்தாம் எண் கிணறு. 1978-இல் தோண்டியது. ஆழம் வெறும் 15 மீட்டர். மேல்பக்கத்துத் தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கிற கேசிங் பைப் இறக்கியிருந்தது 5 மீட்டர் வரைதான். தண்ணீர் வந்ததோ 5.5 மீட்டருக்கும் 7.4 மீட்டருக்கும் நடுவில் இருந்த பாறை வெடிப்புகளிலிருந்து. அதாவது கேசிங் முடிகிற இடத்துக்கு ஒன்றரை அடி கீழேயே ஊற்று. மேலே மூடியிருந்த மண்ணும் மெல்லிசுதான். தோண்டிய சமயத்தில் பம்பை ஓட்டிப் பார்த்தபோதே பக்கத்தில் இருந்த ஊற்றுகளில் தண்ணீர் குறைந்ததைக் கவனித்திருக்கிறார்கள். மேலே ஓடுகிற தண்ணீருக்கும் கிணற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அறிகுறி வேண்டும்? இருபத்திரண்டு வருடம் அந்தக் கிணறு ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் அந்த ஏப்ரல் கடைசியில் வயலுக்குச் சாணம் போட்டார், முறைப்படிதான் போட்டார், அவர்மீது எந்தத் தவறும் இல்லை என்று நீதிபதியே எழுதினார். அப்புறம் மழை வந்தது.

சாணம், மழை, மெல்லிய மண், வெடித்த பாறை. தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் ஆபத்தாகத் தெரியாது. உலகம் முழுக்க வயலில் சாணம் போடுகிறார்கள், எல்லா ஊரிலும் மழை பெய்கிறது. நான்கும் ஒரே இடத்தில் ஒரே வாரத்தில் கூடியதில்தான் ஆபத்து வந்தது. கிருமியின் பெயரைத் தெரிந்துகொள்வதைவிட அது வந்த வழியைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சாதாரணமாக மண் நமக்குச் செய்கிற உபகாரம் கொஞ்சநஞ்சமில்லை. பாக்டீரியா என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நீளம் உள்ள உயிர். மழைத் தண்ணீரோடு அது மண்ணுக்குள் இறங்கும்போது மூன்று விஷயம் நடக்கிறது. சில, மண் துகள்களின் இடுக்கில் சிக்கிக்கொள்கின்றன. பல, துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன, களிமண்ணில் இது அதிகம். மிச்சம், போகிற வழியில் பட்டினி கிடந்தும் மண்ணில் ஏற்கெனவே வாழ்கிற மற்ற நுண்ணுயிர்களுக்கு இரையாகியும் செத்துப்போகின்றன. மாட்டின் குடலிலோ மனிதக் குடலிலோ வாழப் பழகிய கிருமிகளுக்கு மண் சுகமான இடமில்லை, நாள் ஆக ஆக எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். எனவே தண்ணீர் மெதுவாக இறங்கினால் நல்லது. எவ்வளவு தூரம் என்பதோடு எவ்வளவு நாள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கனமழை இந்த ஏற்பாடு முழுவதையும் குலைத்துவிடுகிறது. மண் முழுக்க நனைந்துபோனால் தண்ணீர் பெரிய துளைகள் வழியாக, வேர் அழிந்த இடங்கள் வழியாக, எலி வளை வழியாக வேகமாக இறங்கும். நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறிவரும், மலக்குழிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் இருந்த காய்ந்த மண் காணாமல் போகும், சில இடங்களில் குழியே தண்ணீருக்குள் மூழ்கிவிடும். இன்னொன்றும் நடக்கிறது, பலருக்குத் தெரியாதது: மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால், மண் துகளில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பாக்டீரியாக்களின் பிடி தளர்ந்து அவை மறுபடி தண்ணீரோடு கிளம்பிவிடும். கோடை முழுக்க மண் பிடித்து வைத்திருந்ததை முதல் பெருமழை அவிழ்த்துவிடுகிறது. அமெரிக்காவில் 1948 முதல் 1994 வரை தண்ணீரால் பரவிய 548 நோய்ப் பரவல்களை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், பாதிக்குச் சற்று அதிகமானவற்றுக்கு முன்னால் அந்தந்த வட்டாரத்துக்கே அசாதாரணமான கனமழை பெய்திருந்தது. தற்செயல் என்று ஒதுக்க முடியாத கணக்கு அது.

நியூசிலாந்தில் ஹாவ்லாக் நார்த் என்ற ஊரிலும் 2016 ஆகஸ்டில் இதேதான் நடந்தது. ஊர்த் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருகிறது, சுத்தமானது, குளோரினே வேண்டாம் என்று ஊரார் பெருமையாக இருந்தார்கள். பெருமழையில் ஆட்டு மேய்ச்சல் நிலத்துக் கழிவு ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக்குள் போய், அங்கிருந்து நிலத்தடி நீரில் கலந்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காம்பிலோபேக்டரால் படுத்தார்கள்.

சரி, கனடாவும் நியூசிலாந்தும் இருக்கட்டும், நம்முடைய நிலத்துக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கை ஆறு என்று பெயருக்கு ஒன்று உண்டு, அதிலும் மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர். காலங்காலமாகக் கிணறுதான் எல்லாவற்றுக்கும், குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க. நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லை மழைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே ஓட்டைகளும் பிலங்களும், அதாவது நிலத்தடிக் குகைகளும், உண்டாக்கும். நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அப்படி உண்டான அமைப்பின் வெளிப்பக்கம், அவ்வளவுதான். வலிகாமத்துச் செம்மண் கைவிட்டுத் தோண்டினால் பார்க்கவே அழகாக இருக்கும், ஆனால் பல இடங்களில் அது கனமான போர்வை இல்லை, கொஞ்ச ஆழத்திலேயே கல் வந்துவிடும்.

இப்போது அந்த நிலத்தின்மேல் வளவுக்கு, அதாவது வீட்டு மனைக்கு, ஒரு கிணறு, அதே வளவில் ஒரு மலசலகூடக் குழி. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் அப்படியே. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டர், அதாவது ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மண் உள்ள இடத்தில் அது நியாயமான கணக்கு. கரைந்து ஓட்டையான சுண்ணாம்புக்கல்லில் அந்தக் கணக்கை நம்பக் கூடாது, ஏனென்றால் அங்கே தண்ணீர் மண்ணை நனைத்து நனைத்து நகர்வதில்லை, ஓட்டை வழியே ஓடுகிறது, ஓடும்போது வடிகட்ட எதுவும் இல்லை. ஐம்பது அடி இருந்தும் கிணறு கெட்டுப்போகலாம், எந்தப் பக்கம் பிலம் போகிறது என்பதைப் பொறுத்தது. ஐப்பசி கார்த்திகையில் நீர்மட்டம் கிணற்றின் வாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது பக்கத்துக் குழியில் என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். குடாநாட்டுக் கிணறுகளில் நைட்ரேட் கூடுதலாக இருப்பது பல வருடங்களாகத் தெரிந்த விஷயம். தோட்டங்களில் போடும் உரம் ஒரு காரணம், மலக்குழிகள் இன்னொரு காரணம். குழியிலிருந்து நைட்ரேட் கிணற்றுக்கு வருகிறது என்றால் அங்கிருந்து வர ஒரு வழி இருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் கதை வேறு. நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கு, கீழே வெடிப்புகள், அந்த வெடிப்புகளில்தான் தண்ணீர். அறுநூறு அடி, எண்ணூறு அடி என்று போர் போடுகிறவர்கள், இவ்வளவு ஆழத்துத் தண்ணீரில் எந்தக் கிருமி வரும் என்று நினைக்கிறார்கள். ஆழத்தில் ஊறுகிற தண்ணீர் பெரும்பாலும் சுத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர்வெல் என்பதே மேலிருந்து கீழே நேராகப் போட்ட ஒரு ஓட்டை. கேசிங் பைப்பைக் கெட்டிப் பாறை வரும் வரைக்கும் இறக்கி நிறுத்திவிடுவார்கள். கேசிங்கின் வெளிப்பக்கத்துக்கும் தோண்டிய துளைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், அதைச் சிமெண்டு பால் ஊற்றி அடைக்க வேண்டும். எத்தனை வீட்டில் அடைக்கிறார்கள்? தோண்டும்போது வந்த பாறைத் தூளையே தள்ளி மூடிவிட்டு வண்டி கிளம்பிவிடும்.

அடுத்த முறை ஏதாவது ஒரு போர்வெல்லைப் பார்க்கும்போது குனிந்து கேசிங்கின் வாயைப் பாருங்கள். தரைமட்டத்துக்கு மேலே ஓரடியாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா, இல்லை வீட்டு முற்றத்தைச் சிமெண்டு போட்டு உயர்த்தியதில் தரையோடு தரையாகிவிட்டதா? மூடி இருக்கிறதா, மோட்டார் ஒயர் போகிற ஓட்டை திறந்து கிடக்கிறதா? சுற்றி நின்ற மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது? மண் அமுங்கிக் குழியாகியிருந்தால் தண்ணீர் கேசிங்கை ஒட்டியே கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தெருவில் இருக்கிற கைப்பம்பிலும் இதே கதைதான், மேடை விரிசல் விட்டிருக்கும், பக்கத்தில் ஆடு மாடு தண்ணீர் குடிக்கும், பெண்கள் பாத்திரம் கழுவுவார்கள், அந்தத் தண்ணீர் எல்லாம் விரிசல் வழியாக வந்த இடத்துக்கே திரும்பப் போகும். இந்த விரிசலைப் பூச அரை மூட்டை சிமெண்டுகூடத் தேவைப்படாது, ஆனால் அதைத் தன் வேலை என்று எடுத்துக்கொள்ள யாரும் இல்லாததால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

நகரங்களில் இன்னொரு வழி திறக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல தண்ணீராகத்தான் கிளம்பும். ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு முறை, நான்கு நாளைக்கு ஒரு முறை, சில ஊர்களில் வாரம் ஒரு முறை என்று விட்டு விட்டு வருகிறது. குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது விரிசல் இருந்தால் உள்ளே இருப்பதுதான் வெளியே கசியும். தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் போய்விடும், மேட்டில் இருக்கிற குழாய் காலியாகிப் பள்ளத்துக்கு வடியும், வடியும்போது குழாய் வெளியிலிருந்து உறிஞ்சும். போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கிறார்கள், அதுவும் உறிஞ்சல்தான். வெளியே என்ன இருக்கிறது? அதே தெருவில், பல இடங்களில் அதே பள்ளத்தில், கசியும் சாக்கடைக் குழாய். மழை பெய்து மண் ஊறியிருந்தால் குழாயைச் சுற்றி இருப்பதே சாக்கடை கலந்த சேறுதான்.

கர்நாடகத்தின் ஹூப்ளி–தார்வாடில் இதை நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது, ஏனென்றால் ஒரே ஊரில் சில வார்டுகளுக்கு 24 மணி நேரமும், மற்ற வார்டுகளுக்கு விட்டு விட்டும் தண்ணீர் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் வீட்டுக் குழாய்களில் மாதிரி எடுத்தார்கள். விட்டு விட்டு வந்த பகுதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாதிரியில், மலம் கலந்ததற்கு அடையாளமான ஈ.கோலை இருந்தது, தொடர்ந்து வந்த பகுதிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தண்ணீர் ஒன்றுதான், ஊர் ஒன்றுதான், ஓடிய விதம்தான் வேறு. தண்ணீர் விட்டவுடன் முதலில் வருவதை ஒரு வாளி பிடித்து வாசல் தெளிக்கவோ செடிக்கு ஊற்றவோ பயன்படுத்துகிற பழக்கம் உள்ளவர்கள், காரணம் தெரியாமலேயே சரியானதைத்தான் செய்கிறார்கள், அழுக்கு அதிகமாக இருப்பது அந்த முதல் தண்ணீரில்தான்.

குளோரின் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்க வேண்டும். இந்தியத் தர விதிப்படி குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும், 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. ஆனால் குளோரினும் சூழலுக்குக் கட்டுப்பட்டதுதான். தண்ணீர் கலங்கலாக இருந்தால், அழுகிய இலைச் சாறு, சாக்கடைக் கழிவு போன்றவை கலந்திருந்தால், குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. மண் துகளுக்குள் ஒளிந்திருக்கிற பாக்டீரியாவையும் அது எளிதில் எட்டாது. வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டியில் சித்திரை வெயிலில் காய்கிற தண்ணீரில் சாயங்காலம் எவ்வளவு மிச்சம் இருக்கும்? அந்தத் தொட்டியின் உள்சுவரைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று ஒரு படலம் கைக்கு வரும். பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டி வாழ்கிற வீடு அது, அந்தப் படலத்துக்குள் இருப்பவற்றைக் குளோரின் தொடுவது கஷ்டம். வாக்கர்டனிலும் இதே சிக்கல்தான் பாதி. மழையால் உள்ளே வந்த அழுக்கு, போட்டிருந்த கொஞ்சநஞ்சக் குளோரினையும் தின்றுவிட்டது. குளோரின் அளவையும் கலங்கலையும் விடாமல் அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இந்தத் துயரமே நடந்திருக்காது என்று அறிக்கை சொல்கிறது.

காலரா மட்டும் இந்தக் கணக்கில் கொஞ்சம் விலகி நிற்கிறது. மற்றவை குடலிலிருந்து தண்ணீருக்கு வந்து மெல்லச் சாகிறவை என்றால், காலராக் கிருமி கடலோரக் கழிமுகத் தண்ணீரிலேயே குடும்பம் நடத்துகிறது, மிதவை உயிர்களின், குறிப்பாகக் கோப்பிபாட் என்ற கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சின்ன உயிர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு. கடல்நீர் சூடாகி மிதவை உயிர்கள் பெருகினால் அதுவும் பெருகும். ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவர் குழுவும் இதை வைத்து வங்கதேசக் கிராமங்களில் ஓர் எளிய வழியைச் சோதித்தார்கள்: பழைய சேலைத் துணியை நான்கு மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டுவது. பாக்டீரியா தனியாக இருந்தால் துணியில் தப்பிவிடும், ஆனால் கோப்பிபாட் மாட்டிக்கொள்ளும், அதோடு கிருமியும் மாட்டும். காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2003-இல் வெளியான ஆய்வு. துவைத்துத் துவைத்து நைந்த துணியில் இழைகள் பிரிந்து துளை சிறிதாகிவிடுவதால் புதுச் சேலையைவிடப் பழைய சேலைதான் நல்லது. நம் வீடுகளில் வேட்டித் துணி கட்டி வடிகட்டியது வீண் இல்லை. ஆனால் மலக்குழியிலிருந்து தனியாக வருகிற ஈ.கோலையை அது நிறுத்தாது, அதற்குக் கொதிக்கத்தான் வைக்க வேண்டும்.

இத்தனையும் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறவர்கள் எப்போது கொடுக்கிறார்கள்? வசதியான நாளில், வெயில் அடிக்கிற நாளில், ஆய்வகத்துக்குப் போய்வர முடிகிற நாளில். ரிப்போர்ட் நன்றாக வரும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருடம் முழுக்க நம்புவார்கள். அந்தக் காகிதம் சொல்வது அன்றைக்குக் கிணற்றில் கிருமி இல்லை என்பதை மட்டும்தான். கிணற்றுக்குக் கிருமி வர வழி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பெருமழை பெய்து ஓரிரு நாளுக்குள் எடுக்க வேண்டும். ஆய்வகம் தொலைவு என்றால் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று சின்னப் பாட்டில் கிடைக்கிறது, உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவிலேயே உருவாக்கிய முறை. குறித்த அளவுவரை தண்ணீரை நிரப்பி, மூடி, நிழலான வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் மலக் கலப்பு உள்ள தண்ணீர் கறுத்துப்போகும். துல்லியமான சோதனை இல்லைதான், இயல்பாகவே கந்தக வாடை அடிக்கிற தண்ணீரும் கறுக்கக்கூடும், ஆனாலும் கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர் மை மாதிரி ஆவதை வீட்டில் எல்லோரும் ஒரு முறை பார்த்தால் அப்புறம் கொதிக்கவைக்கச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

கிணற்றுக்கு மருந்து போடுவதும் கஷ்டமில்லை, கணக்குப் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவே. ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். இரண்டு மீட்டர் விட்டம் உள்ள கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர், அதற்கு 24 கிராம் போல வரும். மழைக்குப் பிறகு கலங்கலாக இருந்தால் இந்த அளவு போதாது. பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசைபோலக் குழைத்து, அப்புறம் முக்கால் வாளி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் தங்கட்டும் என்று விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி நன்றாகக் கலக்கிவிட வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும், அதை வெளியே கொட்டிவிடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது என்பதால் ராத்திரி போடுவது வசதி. திறந்து வைத்துப் பழசான பவுடரில் வீரியம் இருக்காது, காரமான நெடி அடிக்கவில்லை என்றால் புதுசு வாங்குங்கள். முதல் மழைக்கு முன்னால் கிணற்றைச் சுற்றி இருக்கிற மேடையையும் கேசிங் ஓரத்தையும் பூசி, தண்ணீர் வெளிப்பக்கம் வடிகிற மாதிரி சரிவு கொடுத்துவிட்டால், இந்தப் பவுடருக்கு அடிக்கடி வேலை வராது. அந்தப் பூச்சு வேலையை ஆடி முடிவதற்குள் செய்துவிடுங்கள், ஐப்பசியில் சிமெண்டு காயாது.